லால்பாக்கில் பெண் பார்த்த நாள்

ஆஸ்டின் டவுன் கோவிந்தப்பா ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்ப்பவர். வாரம் முழுக்க அனலில் வெந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் போர்த்திக்கொண்டு தூங்குவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், அறுபத்திரண்டாம் வருஷம் ஆகஸ்ட் மாதம், லால்பாக் பூக்கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று சொன்னபோதே மூத்த மகள் சரளாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

சரளாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. டெலிபோன் ஃபேக்டரியில் கம்பிச் சுருள் சுற்றும் வேலை. குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் இளம்பிள்ளைவாதமாகி, இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கால் கொஞ்சம் குட்டை. நடக்கையில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிரும். அந்தக் காலோடுதான் பள்ளிக்கூடம் போனாள். அந்தக் காலோடுதான் தினமும் ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே சாய்ந்து நடந்து கேலி செய்த காலத்தில் கல்லெடுத்து வீசியிருக்கிறாள்.

அன்று காலையில் அத்தை எல்லம்மா தன்னுடைய பட்டுப்புடவையோடு வந்து இறங்கினாள்.

"பூ பாக்கப் போறதுக்குப் பட்டு எதுக்கு அத்தை?"

"நாலு பேரு வர்ற எடம். கட்டிக்கயேன், இன்னா இப்போ?"

பஸ்ஸில் போகலாம் என்றதற்கும் அத்தை ஒப்பவில்லை. ஜட்கா வண்டி வைத்து லால்பாக் வாசல் வரைக்கும் கொண்டுபோய் இறக்கினாள். உள்ளே போனதும் கண்ணாடி மாளிகைக்குப் பக்கத்தில், மரத்தடியில் கிடந்த ஒரு பெஞ்சில் சரளாவை உட்கார வைத்தாள். குனிந்து, புடவைக் கொசுவத்தைப் பாதம் மறையும்படி இழுத்துவிட்டாள்.

"கும்பல் கொறையட்டும். நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத."

கும்பல் குறையவில்லை, கூடிக்கொண்டேதான் வந்தது. உள்ளே பேண்டு வாசித்தார்கள். தங்கை ஜானகி எட்டி எட்டிப் பார்த்தாள். சரளா எழப்போகும் போதெல்லாம் அத்தை தோளில் கை வைத்து அமுக்கினாள்.

எதிர்ப்பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியம்மாவும், டெரிலின் சட்டை போட்ட ஒரு வாலிபனும் இருந்தார்கள். பெரியம்மா வைத்த கண் வாங்காமல் சரளாவையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லம்மா அங்கே போய்ச் சிரித்துப் பேச ஆரம்பித்தாள்.

சரளா பக்கத்தில் இருந்த அம்மா வள்ளியம்மாவைக் கேட்டாள். "யாரும்மா அவங்க?"

வள்ளியம்மா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒக்கலிபுரத்து ஆளுங்க. பையன் ரயில்வேல ஃபிட்டர். பேரு முனிராஜு. உன் காலு விஷயம் அவங்களுக்குத் தெரியாது. கல்யாணம் ஆனப்புறம் சொல்லிக்கலாம்னு உங்க அத்தை..."

சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

பெண் பார்க்க வந்ததில் சரளாவுக்குக் கோபமில்லை. தன்னிடம் சொல்லாமல் கூட்டி வந்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். காலை ஒளித்ததுதான் சுட்டது. திருட்டுச் சாமானை மூடி வைப்பது மாதிரி அவளைப் பட்டுப்புடவையால் மூடி வைத்திருந்தார்கள். சரளா கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒக்காரு," என்றார் கோவிந்தப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒக்காந்தது போதும் நைனா."

சாய்ந்து சாய்ந்து நடந்தாள். வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். எதிர்பெஞ்சில் பேச்சு நின்றது. எல்லம்மாவின் முகம் வெளுத்தது.

"வணக்கங்க. நான்தான் சரளா. அத்தை சொல்லாம விட்டத நான் சொல்லிடறேன். சின்ன வயசுல வந்த சீக்குல இந்தக் காலு குட்டையாயிட்ச்சு. எப்பவும் இப்படித்தான் நடப்பேன். நல்லா பாத்துக்கங்க."

அந்தப் பெரியம்மா எல்லம்மாவின் பக்கம் திரும்பினாள். "இன்னா எல்லம்மா, நொண்டிப் பொண்ண குந்த வெச்சுக் காட்டி எங்கள மோசம் பண்ணப் பாத்தியா?"

"மோசந்தான். அதான் நானே வந்து சொன்னேன்," என்றாள் சரளா. "ஆனா எம் பேரு நொண்டி இல்ல. சரளா."

முனிராஜு தலையைத் தூக்கவில்லை. "போலாம்மா," என்று மட்டும் முனகினான். பெரியம்மா எழுந்தாள். "பாத்தது போதும்டா சாமி."

"நீங்க பாத்துட்டீங்க. நான் இன்னும் பூ பாக்கல," என்று சொல்லிவிட்டு சரளா கண்ணாடி மாளிகையின் பக்கம் திரும்பினாள்.

கோவிந்தப்பா வழியை மறித்தார். "மானத்த வாங்கிட்டியே! வூட்டுக்கு நட."

"நீங்க போங்க நைனா. நான் பாத்துட்டுத்தான் வருவேன்."

புருஷன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாத வள்ளியம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்தாள். "வா ஜானகி," என்று சின்னவளைக் கூப்பிட்டுக்கொண்டு, புருஷனைத் தாண்டி, பெரியவள் பின்னால் போனாள்.

உள்ளே சிவப்பு டாலியாப் பூக்கள் தட்டு தட்டாகப் பூத்திருந்தன. அப்போதுதான் சரளாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. யாருக்கும் முகம் காட்டாமல், கண் காயும் வரை அந்தச் சிவப்பையே பார்த்து நின்றாள். பிறகு ரோஜா, கள்ளி, பெயர் தெரியாத இலைகள் என்று ஒன்று விடாமல் பார்த்தாள்.

"காலு வலிக்குதா?" என்று கேட்டாள் அம்மா.

"வலிக்குது. ஆனா வெளிய தெரியுதே, அந்தப் பெரிய பாறை மேல ஏறணும்."

ஏறினார்கள். ஜானகி கை கொடுத்தபோது சரளா அதைப் பிடித்துக்கொண்டாள். அதில் அவளுக்கு வெட்கமில்லை. உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அங்கிருந்த சின்னக் கல்கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்து சித்ரான்னம் தின்றார்கள்.

"உங்க நைனா கீழ பசியோட இருப்பாரு," என்றாள் வள்ளியம்மா.

"ஏறி வரட்டும்."

அவர் ஏறி வரவில்லை. தனியாக வீட்டுக்குப் போயிருந்தார். தீபாவளி வரை மகளோடு பேசவில்லை. எல்லம்மா அந்த வீட்டு வாசலை மிதிப்பதையே நிறுத்தினாள்.

அடுத்த வருஷம் இன்னொரு இடம் வந்தபோது சரளா கறாராகச் சொல்லிவிட்டாள். "பாக்க வர்றவங்க சாயங்காலம் நம்ம தெருமுனை டீக்கடைல நிக்கட்டும். பஸ்ஸுல எறங்கி நடந்து வருவேன். புடிச்சா வூட்டுக்கு வரட்டும், புடிக்கலன்னா டீயைக் குடிச்சுட்டுப் போவட்டும்." கோவிந்தப்பா கத்தினார். அவள் மசியவில்லை. வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்கடுத்து வந்தவன் ஜீவனஹள்ளி கிருஷ்ணப்பா, அச்சாபீஸில் வேலை. கூட அவனுடைய மாமாவும் வந்திருந்தார். கோவிந்தப்பாவும் டீக்கடையில் அவர்களோடு நின்றார். பஸ் வந்து நின்றது.

"அதோ, சாஞ்சு சாஞ்சு வருதே, அதுவா?" என்று மாமா இழுத்தார்.

கோவிந்தப்பாவுக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை குரல். "ஆமாய்யா. அதான் எம் பொண்ணு. பேரு சரளா."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிருஷ்ணப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். வேலையை விடமாட்டேன் என்று சரளா முதலிலேயே சொன்னாள். விடச் சொல்லவில்லையே என்றான் அவன்.

தை மாதம் கல்யாணம். கோபமெல்லாம் மறந்து எல்லம்மாவும் வந்திருந்தாள். மணவறையைச் சுற்றும்போது, ஜனங்கள் பார்க்கிறார்கள், மெதுவாக, அடக்கமாக நட என்று ஜாடை காட்டினாள். சரளா ஃபேக்டரி பஸ்ஸுக்குப் போகும் வேகத்தில் சுற்றி வந்தாள். கிருஷ்ணப்பாதான் கொஞ்சம் எட்டி நடக்க வேண்டியிருந்தது.