அண்ணன் குற்றம் தேடிய வேதம்

ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், வெட்டிய மரப்பாலை நிறுக்கக் காத்திருக்கும்போதுதான் சாமிகளைப் பற்றிய வாதம் நடக்கும். கோயில் தலைவர் ஆறுமுகம் அண்ணன் ஒரு பக்கம், கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்ட அவர் தம்பி செல்வம் மறுபக்கம். இருவருக்கும் வாசிக்கத் தெரியாது; காதால் கேட்டதை வைத்தே மோதுவார்கள். செல்வத்தின் மகன் இறந்து, சபை முறைப்படி அடக்கம் நடந்தபோது அண்ணன் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அண்ணன், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த என் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, பஸ் ஸ்டாண்டுல யாரோ ஒனக்குக் குடுத்தாங்களே அவங்க வேதம், அதப் படி. குத்தம் கண்டுபிடிச்சு அவன் வாய மூடணும்."

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். இயேசு நோயாளிகளைக் குணமாக்கிய இடங்களை விரல் வைத்துத் தட்டுத்தடுமாறி வாசித்தேன்.

"இதயெல்லாம் நம்ம சாமி எப்பவோ செஞ்சிருச்சு. மேல படி" என்று சிரித்தார்.

மகன் சிலுவையில் சாக, தாய் பக்கத்தில் நிற்கும் இடம் வந்தது. சிரிப்பு நின்றது.

"அந்தம்மா அங்கயேவா நின்னுச்சு?"

"ஆமாங்கண்ணே."

"திரும்பப் படி."

வாசித்தேன். எழுந்து போனார்.

மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில், "என்ன தலைவரே, இன்னைக்குச் சண்ட இல்லியா?" என்று ஒருத்தி சீண்டினாள். அவர் வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தம்பியிடம் போனார்.

"புள்ளய வச்ச எடத்த எனக்குக் காட்டுடா."

செல்வம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

வாதம் இன்றும் நடக்கிறது. ஆனால் என் திக்கும் குரல் வழியாக அன்று அண்ணனிடம் போய்ச் சேர்ந்தது என்ன என்று நினைத்தால், இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.