இருட்டுக்கு அலையும் லைன்மேன்

வெளுத்த வேட்டி ஒன்றைத் தொலைநோக்கியின் வாயில் சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார் காசிலிங்கம் அண்ணாச்சி. அந்தி வெளிச்சத்தில் அந்த வெள்ளையைப் படமெடுத்து வைத்தால், கண்ணாடித் தூசியின் கறையைப் பிறகு வானத்துப் படத்திலிருந்து கழித்துவிடலாமாம். "எங்க கலியாணத்துக்குக்கூட இந்த மனுசன் இவ்வளவு நறுவிசா வேட்டி கட்டல" என்கிறார் மனைவி தனலட்சுமி.

மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் லைன்மேன். பாளையங்கோட்டைக்குத் தெற்கே, வயலோர வீட்டின் புறவாசலில் அவரே கட்டிய தகரக் கொட்டகை. கூரை பழைய இரும்புக் கேட்டின் சக்கரங்களில் நகரும். "ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுத்தேன். இப்பம் ஒரு முழம் இருட்டுக்கு அலையுதேன் வே."

அவர் படம் பிடிப்பது மோதிக் கலந்துகொண்டிருக்கும் இரண்டு விண்மீன் திரள்களை. ஒன்றையொன்று இழுத்த இழுப்பில் விண்மீன்கள் இருபுறமும் வாலாக நீண்டு கிடக்கின்றன. உடல் தெளிவாக வந்துவிட்டது. வால்தான் இரண்டு வருடமாகப் படத்தில் விழவில்லை. ஐந்தைந்து நிமிடப் படங்களாக முப்பது மணி நேரம் சேர்த்திருக்கிறார். நல்ல இருட்டு இரண்டு இரவு கிடைத்தால் போதும். இந்தப் பங்குனி அமாவாசையை விட்டால் அடுத்த வருடம்தான்.

குறுக்கே நிற்பது கிழக்கு வீட்டு ஜெபகனி டீச்சர் மாடியில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு. மற்றவர்கள் ஜனவரியிலேயே அவிழ்த்துவிட்டார்கள். டீச்சரின் மகன் எபனேசருக்குக் கப்பலில் வேலை; பண்டிகைக்கு வரவேண்டியவன் இன்னும் வரவில்லை. கேட்கப் போனவரிடம், "மவன் வந்து பாக்காம எப்படி அண்ணாச்சி அவுக்க?" என்றாராம். இவர் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியாத ஃபியூஸா? பிடுங்கிவிட்டால் போச்சு" என்றேன், அவர் படமெடுப்பதைப் பார்க்க வந்திருந்த நான்.

"தொழில் படிச்சது அதுக்கில்ல வே."

அன்று ஏழு மணிக்கு நட்சத்திரம் இரண்டு தடவை சிமிட்டிவிட்டுத் தானாகவே அணைந்தது. எனக்குக் கைதட்டவேண்டும்போல இருந்தது. "நம்ம கையில பாவமில்ல. கூரையத் தள்ளுங்க" என்று தனலட்சுமி அம்மா விரட்டினார். அண்ணாச்சியும் தள்ளினார். கிழக்கே அவர் கேட்ட இருட்டு அப்படியே நின்றது. பாதிக் கூரையில் கை நின்றுவிட்டது.

"வெளக்கு அணைஞ்சத பாத்தா, டீச்சர் பிள்ளைக்கு என்னமோன்னு பதறிருவாவ" என்றார்.

எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் தன் வீட்டு வாசல் பல்பைக் கழற்றி, சூடு ஆறாத அதைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணியைத் தூக்கித் தோளில் வைத்தார்.