தகவல் போதாது என்று நான் மூடிய புகார்

லேப்டாப் மூடியைச் சாத்தினால் தூங்க வேண்டும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழ வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றில், ஆபீஸ் வேலைக்கு வெளியே, பதினோரு வருடங்களாகப் புகார்களைக் கவனித்து வருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, நான் கெடுத்த ஒரு புகாரைப் பற்றி எழுதுகிறேன்.

1. புகார்

அது ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். எழுதியவர் பெயர் கஜேந்திரன்.

"மூடி வச்சிட்டு ரெண்டு பொட்டி பாத்துகினு வந்து தொறந்தா வேல செய்து. துன்னுட்டு வந்து தொறந்தா கறுப்பா கீது. அமுக்கி அணைச்சாத்தான் உண்டு. டைப் பண்ணது பூரா பூடுது. ரொம்ப பேஜாரு."

நான் வழக்கமான பதிலை ஒட்டினேன்: தகவல் போதாது, லாக் இணைக்கவும். மறுநாள் அவர் கேட்டிருந்தார்: "லாக்னா இன்னான்னு சொன்னா அனுப்பறேன் சார்."

மெஷின் தான் செய்வதைத் தானே பதிந்துவைக்கும் கோப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும், நான் பதில் போடவில்லை. இரண்டு வாரம் கழித்துப் புகாரை மூடினேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டெவலப்பர்கள் பேசிக்கொள்ளும் பொது சாட்டில், புகாரின் எண்ணைப் போட்டு, அவர் எழுதியதைக் குடிகாரன் உளறுவதுபோல ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். எங்கள் ஊரில் படிக்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். நான் பிறந்து வளர்ந்தது வடசென்னை ராயபுரம். ஹார்பரில் வேலை பார்த்த என் அப்பா கடைசிவரை பேசியது அந்தத் தமிழ்தான். ஆபீசில் அது வாயில் வந்துவிடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2. அதே பிழை, நல்ல ஆங்கிலத்தில்

எட்டு மாதம் கழித்து வெளிநாட்டுக்காரர் ஒருவர் சுத்தமான ஆங்கிலத்தில், லாக்குடன் ஒரு புகார் அனுப்பினார். கொஞ்ச நேரம் தூங்கினால் எழுகிறது, அரை மணி நேரம் தாண்டினால் எழுவதில்லை. உடனே உட்கார்ந்தேன். இரண்டே நாளில் பிடிபட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் மூடியிருந்தால், திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு மெஷினை முழுக்க அணைக்கும்படி ஒரு மாற்றம் செய்திருந்தோம். டிஸ்கில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க விட்டுப்போயிருந்தது. இடம் இல்லாத பழைய லேப்டாப்கள் பாதியில் உறைந்துபோயின. அந்த மாற்றத்தை எழுதியவன் நான்.

திருத்தம் வெளியான அன்று, எங்கள் குழுவில் இருக்கும் ஆனி ஒரு வரி அனுப்பினாள். "உங்கள் ஊரிலிருந்து வந்த பழைய புகாரை மெஷினில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தேன். அதிலும் இதேதானே இருக்கிறது? ஏன் மூடினீர்கள்?"

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ரெண்டு பொட்டி, அதாவது ரெண்டு கன்டெய்னர், பார்க்கிற நேரத்தில் எழுகிறது, சாப்பிட்டு வருகிற நேரத்தில் எழவில்லை. வேண்டிய தகவல் அத்தனையும் இருந்தது. கீழே, நான் சாட்டில் அடித்த கூத்துக்கான லிங்க்கும் இருந்தது. சாட்டில் எண்ணைக் குறிப்பிட்டால் அது தானாகப் புகார்ப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது தெரியாததல்ல, யோசிக்கவில்லை.

கஜேந்திரனின் மெயில் முகவரியைத் தேடினேன்.

3. திருவொற்றியூர்

கஜேந்திரனுக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் பெயரைச் சொல்லி, சனிக்கிழமை மதியம் வரச் சொன்னார். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். நாற்பது வயதிருக்கும். தன் சொந்த லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். புது வெர்ஷனை ஏற்றினேன்.

"சார் எந்த ஏரியா?"

"ராயபுரம்."

டீ கிளாசைக் கீழே வைத்தார். "அப்ப நான் எழுதுனது உனுக்கு புரிஞ்சிதான் கீது."

தலையை ஆட்டினேன்.

"நீ போட்டதயும் படிச்சேன். சர்தான், என் பாஷ அப்டி. லாக்குன்னா இன்னான்னு கேட்டேனே, அத்த சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அவர் கன்டெய்னர் சர்வே பார்த்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு பொட்டியிலும் எங்கே நசுங்கல், எங்கே ஓட்டை என்று பார்த்து லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். எத்தனையோ நாள் காலையில் ஏற்றியதெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு காணாமல் போயிருக்கிறது. லாரிகள் வெயிலில் நிற்க, மறுபடி முதலிலிருந்து பார்த்திருக்கிறார். பார்க்காமலே பார்த்ததாகப் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டி, அந்த வேலையிலிருந்து எடுத்து, லாரிகளுக்குத் திறந்துவிட அவரை கேட்டில் நிற்கப் போட்டுவிட்டார்கள்.

மூடியைச் சாத்தி அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். திறந்ததும் விட்ட இடத்திலேயே நின்றது.

"வேல செய்து," என்றார். "கேட்டுல நிக்கறவனுக்கு இது இன்னாத்துக்கு?"

சூப்பர்வைசரிடம் நான் பேசுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கூட வரவும் இல்லை. உள்ளே போய், பிழை மென்பொருளில்தான், அதைச் செய்தவன் நான் என்று சொன்னேன். சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டார்.

"அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டு ஆறு மாசம் ஆவுது சார். இப்ப வந்து சொல்றீங்களே."

வெளியே வந்து கஜேந்திரனிடம் அதை அப்படியே சொன்னேன். "தெரியும்," என்று சொல்லிவிட்டு லாரிக்கு கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் புகாரைத் திரும்பத் திறந்து, தகவல் போதுமானதாக இருந்தது, நான்தான் பொருட்படுத்தவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதினேன். சாட்டிலும் எழுதினேன். கஜேந்திரன் பழைய வேலைக்குத் திரும்பவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எழுதியவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்காதீர்கள். அவர் செய்ததையே உங்கள் மேசையில் செய்து பாருங்கள். அன்று நான் மூடியைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாலே போதும்.