வக்கீலம்மா ஜெயித்த வழக்கு

சுகாதாரத் துறையின் வக்கீலம்மா ஆஜராகிறார் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்கள். தோற்பதில் அவர் அவ்வளவு பேர்போனவர். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'தள்ளுபடி மேடம்'. துணிக்கடையில்கூட எப்போதாவதுதான் தள்ளுபடி, இந்தம்மாவுக்கு வருஷம் பூராவும் என்று காதுபடவே சிரிப்பார்கள். திறமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அவருடைய வழக்குகளில் முக்கிய சாட்சியெல்லாம் கொசு, எலி, ஈ. கூப்பிட்ட நேரத்துக்கு வந்து கூண்டில் நிற்கிற ரகமா அவை?

லாட்ஜ் வழக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. லாட்ஜின் மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி இல்லை. அதில் கொசுப்புழு கும்மாளம் போட்டது. லாட்ஜுக்குப் பின்சுவரை ஒட்டி ஆரம்பப் பள்ளி. அங்கேதான் வக்கீலம்மாவின் வீட்டுக்காரர் வாத்தியார். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காய்ச்சலில் படுத்தன.

"கிளாஸ்ல சத்தமே இல்ல," என்றார் வாத்தியார் ஒருநாள், தட்டில் கையை வைத்தபடி. "பாதி பெஞ்சு காலி. மீதிப் பிள்ளைங்களும் சுருண்டு உக்காந்திருக்கு. எனக்குப் பயமா இருக்கு. இந்த ஒரு கேஸையாவது ஜெயிச்சுக் குடேன்."

வக்கீலம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இந்த மனுஷர் இதுவரை அவரிடம் எதையுமே கேட்டதில்லை.

கோர்ட்டில் லாட்ஜ் வக்கீல் எழுந்து ஒரே போடாகப் போட்டார். "தொட்டியில புழு இருந்துச்சுன்னு சொன்னா ஆச்சா? உயிரோட காட்டச் சொல்லுங்கய்யா!" நீதிபதிக்கு அது நியாயமாகப் பட்டது. துறை ஜாடியில் பிடித்துவைத்திருந்த புழுவை உயிருடன் ஆஜர்படுத்த உத்தரவு போட்டார். கூடவே வாய்தாவும் போட்டார்.

வாய்தா வாங்கினால் மனிதன் காத்திருப்பான், புழு காத்திருக்குமா? அடுத்த வாய்தாவுக்குள் புழுவெல்லாம் இறக்கை முளைத்துக் கொசுவாகி, ஜாடியின் வலைத்துணியில் முட்டிக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் வைத்துக்கொள்ள எல்லாரும் மறுத்துவிட்டதால் ஜாடி வக்கீலம்மாவின் சமையலறை ஜன்னலுக்கு வந்துசேர்ந்தது. கொசு முட்டையிட்டால்தானே மறுபடி புழு கிடைக்கும்? முட்டையிட அதற்கு ரத்தம் வேண்டும். வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வலைத்துணிக்கு அடியில் கையை நுழைத்தார். அரசாங்கத்துக்காக ரத்தம் சிந்தினேன் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. இவர் நிஜமாகவே சிந்தினார், அதுவும் சொறிந்துகொண்டே.

"அதுங்களுக்குக் குடுக்கிற கவனிப்புல பாதி எனக்குக் குடுத்திருந்தா நான் தேறியிருப்பேன்," என்றார் வாத்தியார்.

ஒருவழியாக வழக்கு விசாரணைக்கு வந்தது. வக்கீலம்மா ஜாடியைப் பெருமையாக மேஜையில் வைத்தார். லாட்ஜ் வக்கீல் குனிந்து பார்த்தார்.

"ஐயா, அன்னிக்குப் பிடிச்சது இதுங்களோட தாத்தா பாட்டியை. இதுங்க பேரன் பேத்தி. இதுங்க எங்க லாட்ஜைக் கண்ணால பாத்ததே இல்ல. அந்தம்மா வீட்டுல பொறந்து வளந்ததுங்க!"

கோர்ட்டே சிரித்தது. வழக்கு தள்ளுபடி.

வீட்டுக்கு வந்த வக்கீலம்மா ஜாடியை ஜன்னலில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து அழுதார். வாத்தியார் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது. ஜாடியைக் கொட்டக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் வீடுவீடாகச் சோதனை போட்டுக்கொண்டு வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் அந்த ஜன்னலில் வந்து நின்றார். வேலைக்குப் புதுசு. ஜாடியை அங்கேயே தரையில் கொட்டிக் காலால் தேய்த்தார். பிறகு வக்கீலம்மாவின் பெயரில் நோட்டீஸ் எழுதினார்.

"யோவ், அது கேஸுக்கு வச்சிருந்ததுய்யா!"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம். பயிற்சி வகுப்புல நீங்கதான் சொன்னீங்க."

நோட்டீஸ் வழக்காகிக் கோர்ட்டுக்கு வந்தது. துறைக்கு இருப்பது ஒரே வக்கீல். துறை சார்பில் வாதாடவும் அவர்தான், குற்றம் சாட்டப்பட்டவரும் அவர்தான். "வேற ஆளே இல்லையா?" என்றார் நீதிபதி. "இன்னொரு வக்கீல் பதவி காலியா இருக்குங்கய்யா, ரொம்ப வருஷமா," என்றார் வக்கீலம்மா. வேடிக்கை பார்க்க லாட்ஜ் வக்கீல் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்.

வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கூண்டில் ஏறினார்.

"ஐயா, என் வீட்டுல புழு இருந்துச்சுன்னு சொன்னா ஆச்சா? உயிரோட காட்டச் சொல்லுங்க. காட்ட முடியலன்னா என்னை விட்டுடுங்க."

பின்பெஞ்சில் லாட்ஜ் வக்கீல் ரசித்துத் தலையாட்டினார். அவருடைய வாதம்தானே.

வக்கீலம்மா இறங்கிவந்து கோட்டை மாட்டிக்கொண்டார். குரலே மாறிவிட்டது.

"புழுவைப் பாத்த இடத்துலயே கொட்டி அழிக்கணும், அதான் சட்டம். இன்ஸ்பெக்டர் அழிச்சுட்டாரு. உயிரோட வச்சிருந்தாத்தான் குத்தம். கோர்ட் கேட்டுச்சேன்னு உயிரோட வச்சிருந்த ஒருத்தி, அதோ நிக்கிறா பாருங்க!" என்று காலிக் கூண்டைக் கைகாட்டினார்.

நீதிபதி கூண்டைப் பார்த்தார், வக்கீலம்மாவைப் பார்த்தார். இந்தம்மாவை விட்டுவிட்டால் ஊரே ஜாடியில் கொசு வளர்க்கும். தண்டித்தால் தான் போட்ட பழைய உத்தரவு தப்பு என்றாகும். வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில், நேரில் கண்ட இன்ஸ்பெக்டரின் சாட்சியே போதும், இனி யாரும் எந்தப் புழுவையும் கோர்ட்டுக்குச் சுமந்துவர வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

"ஜெயிச்சவங்களுக்குப் பாராட்டு. தோத்தவங்க அபராதத்தைக் கட்டிட்டுப் போங்க."

வக்கீலம்மா ஜெயித்த முதல் வழக்கு அது. பின்பெஞ்சில் லாட்ஜ் வக்கீலுக்கு முகம் செத்துப்போயிற்று. தீர்ப்பு யாருக்கு என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரமே இன்ஸ்பெக்டர் லாட்ஜின் மொட்டைமாடியில் ஏறினார். தொட்டிக்கு மூடி வந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் வாத்தியார் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். குரல் கட்டிப்போயிருந்தது.

"கிளாஸா அது? ஒரே இரைச்சல். கத்திக் கத்தி மூச்சு போச்சு. ஒரு பெஞ்சு காலி இல்ல."

வக்கீலம்மா வெந்நீர் வைக்க எழுந்து போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, பழைய தழும்பைச் சொறிந்துகொண்டே போனார்.