உரம் தூவும் வண்டியில் மதினியின் குரல்

செம்பூரில் எங்கள் அலுவலக மேஜைமேல் அன்று இருந்தது ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு திருகு குமிழ், பெரிய பொத்தான்கள், சின்ன ஸ்பீக்கர். டிராக்டருக்குப் பின்னால் பூட்டி உரம் தூவும் இயந்திரத்தை, ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்தே இயக்குவதற்கானது. உரம் தீர்ந்தாலோ ஒரு பக்கம் அதிகமாக விழுந்தாலோ அவர் திரும்பிப் பார்க்க வேண்டாம். பெட்டியே வாய்விட்டுச் சொல்லும். இந்தியிலும் மராத்தியிலும் பேசிக்கொண்டிருந்ததைத் தமிழ் பேசவைக்கும் வேலை என்னிடம் வந்தது. அலுவலகத்துத் தமிழ்ப் பிள்ளைகள், நான் எழுதிக் கொடுத்ததை வாசிக்கத் தடுமாறினார்கள். எனக்கு மதினியின் நினைவு வந்தது.

மதினி என் அண்ணனின் மனைவி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வந்தவர். தாராவியில் ஒரு பட்டறையில் தோல் பை தைக்கிறார். அத்தனை மிஷின் இரைச்சலிலும் அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் சொன்னது எல்லோருக்கும் கேட்டுவிடும். அப்படியொரு தெளிவான குரல்.

மீட்டிங் அறையில் ஏசியை அணைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஒரு மதியம் முழுக்கப் பதிவு செய்தோம். "யாருட்ட சொல்லுத மாதிரி நெனைச்சுக்கிடணும் தம்பி?" என்று கேட்டார். டிராக்டர் ஓட்டுகிறவரிடம் என்றேன். "அப்போ ஊர்ல எங்க அண்ணன் ஓட்டுதான்னு வச்சிக்கிடுதேன்." அதன்பின் "உரம் தீரப் போவுது, வண்டிய நிறுத்துங்க" என்று அவர் சொன்னதில் அதட்டல் இல்லை, அக்கறை இருந்தது.

சில மாதங்களில் மதினிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் டாக்டர் முன்பே பயந்தபடி குரல் மாறிவிட்டது. கரகரப்பும் காற்றுமாக, வயதான ஒருத்தி பேசுவதுபோல. ஊரிலிருந்து பேசிய அவருடைய அம்மா, "யாரு பேசுதது? எம் மவ கையில போனக் குடுங்க" என்றார். மதினி போனை அண்ணனிடம் நீட்டினார். அதன்பின் போன் மணி அடித்தாலே குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அந்த நேரத்தில்தான் இயந்திரத்துக்குப் பின்னால் ஆள் நின்றால் கண்டுபிடிக்கும் வசதியைச் சேர்த்தோம். புதிதாக ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. வேறொரு பெண்ணை வைத்து எல்லாவற்றையும் திரும்பப் பதிவு செய்துவிடலாம் என்றார் மேனேஜர். அண்ணன் வழியாக மதினிக்கு அது தெரிந்துவிட்டது.

"எம் பழைய கொரல் எல்லாம் அழிஞ்சிருமா தம்பி?"

"ஆமா மதினி."

"அந்த ஒண்ண மட்டும் நானே சொல்லுதேன். நல்லா இல்லைன்னா எடுத்திருங்க" என்றார்.

மறுபடி அதே அறை. "பின்னால ஆள் நிக்காவ, நகட்டாதீங்க." மேனேஜர் கேட்டுவிட்டு, "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இந்த வருஷம் கோவில்பட்டிப் பக்கம் அந்த வண்டியை ஓட்டும் ஒரு பெண்ணிடம், பெட்டி எப்படி இருக்கிறது என்று போனில் விசாரித்தேன். "மத்ததெல்லாம் ஒரு அக்கா சொல்லுதாவ. ஆள் நிக்காவன்னு மட்டும் ஒரு பெரியம்மா சொல்லுதாவ. அந்தச் சத்தத்துக்குக் கால் தானா பிரேக்குக்குப் போயிருது. நேத்து எங்க வீட்டுக்காரரு மூட்டையோட பின்னால நின்னாவ, நான் பாக்கல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லேபர் கேம்புக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். மதினி தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்குப் போன் போடுங்க" என்றார். மணி போனது. அந்தப் பக்கம் எடுத்ததும் மதினி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாந்தாம்மா, பெரியம்மா பேசுதேன்."