என் கல்யாணப் பட்டைக் கண்டு மிரண்ட ராஜா

வாலாஜாபாத்தில் நாங்கள் வளர்க்கும் ராஜபாளையம் நாய்க்கு ராஜா என்று பெயர். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் என் ஓரகத்தி சரோஜாவிடம் ஓர் அல்சேஷன் உண்டு. மெட்ராஸ் நாய்க் கண்காட்சியில் அவள் பட்டுச்சேலையில் நின்று கோப்பை வாங்கிய படம் பேப்பரில் வந்தது. மாமியார் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் கூடத்திலேயே மாட்டிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த கண்காட்சிக்கு நானும் ராஜாவோடு கிளம்பினேன். வேனில் கசங்கிவிடுமே என்று, பீரோவில் கிடந்த கல்யாணப் பட்டைப் பையில் எடுத்துப்போய், அங்கேதான் கட்டினேன். காலில் புது ஹைஹீல்ஸ்.

நடுவர் முன்னால் நாயோடு ஓடிக்காட்ட வேண்டும். முந்தானையில் வீசிய பூச்சி உருண்டை நெடிக்கு ராஜா தும்மினான். யாரோ என்பது போல என்னைப் பார்த்துப் பின்வாங்கினான். சங்கிலியை இழுத்தேன், குதிகால் புல்தரையில் புதைந்து குப்புற விழுந்தேன். அவனோ ஓடிப்போய், எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பொறை பிஸ்கட் போடும் சரோஜாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டான். அவள் அன்று நூல் சேலையும் கான்வாஸ் ஷூவும் அணிந்திருந்தாள்!

“இன்னாக்கா, பட்டு கட்டிக்கினா ஓடுவாங்க? நான் பரிசு வாங்கசொல்லோதானே பட்டு மாத்திக்கினேன்” என்றாள்.

இப்போதெல்லாம் ராஜாவுக்குச் சோறு வைக்கும்போது கட்டும் பழைய சேலையோடும், தட்டையான கான்வாஸ் ஷூவோடும்தான் களத்தில் இறங்குகிறேன். சரோஜா வீட்டுக்கு வந்தால் மட்டும், அவனைத் தோட்டத்தில் கட்டிவிடுகிறேன்.