கோடாலிராயனுக்கு உயிர் கொடுத்த கங்கப்பன்

வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருந்த கங்கப்பனுக்கு நாடகப் பைத்தியம். மாரியம்மன் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் அவர்தான் நாடகம் எழுதிக் கொடுப்பார். கதாநாயகனைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. வில்லன்தான் செல்லப்பிள்ளை.

ஐம்பத்து நாலாம் வருடம் கோடாலிராயன் என்றொரு கொடுங்கோலனைப் படைத்தார். அவன் கர்ஜித்துக்கொண்டே வருவான். ஒரு வெட்டில் தளபதி காலி, மறுவெட்டில் மந்திரி காலி. அந்த வேடம் கட்டியவன் பாறை உடைக்கும் ராமப்பன். அவன் கத்தினால் அடுத்த தெரு எருமை கயிற்றை அறுத்துக்கொள்ளும். கதாநாயகனோ தையற்காரர் சூசை. காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொள்பவர். கடைசிக் காட்சியில் சூசை அட்டைக் கத்தியால் தொட்டதும் ராமப்பன் தொப்பென்று சாய்ந்தான்.

"டேய் ராமப்பா, காத்துப் பட்டா உழுந்த?" என்று ஒருவன் கத்த, ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

வில்லனுக்குப் பலம் மட்டும் போதாது, மனசும் வேண்டும் என்று கங்கப்பன் முடிவுகட்டினார். அடுத்த வருடம் மனசை மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டினார். சின்ன வயதுப் பட்டினி, தாயின் சாவு, துரோகம் செய்த அண்ணன். சொல்லும்போதே ராமப்பன் நிஜமாகத் தேம்பினான். தெலுங்குக்காரப் பெண்கள் "அய்யோ பாப்பமு!" என்று மூக்கைச் சிந்தினார்கள். சூசை கத்தியோடு வந்தபோது கூட்டத்திலிருந்து செருப்பு பறந்தது.

"இன்னாண்ணா, வில்லனக் கொல்லப் போனா என்னக் கொல்லப் பாக்கறாங்களே! இனிமே நான் வேசம் கட்ட மாட்டன்" என்று சொல்லிவிட்டார் சூசை.

அந்தக் கவலையில், மனைவி மங்கம்மாவைச் சூளகிரியில் அவள் தங்கை வளைகாப்புக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னதைக் கங்கப்பன் மறந்தே போனார். பொழுது சாய்ந்து வீடு திரும்பியபோதுதான் நினைவு வந்தது. மங்கம்மா கத்தினால் அவர் பயப்பட மாட்டார். அது பழகிய மழை. அன்று அவள் கத்தவில்லை. களியைத் தட்டில் வைத்துக் குழம்பை ஊற்றினாள்.

"சாப்புடுங்க."

"மங்கம்மா, ரெண்டு வார்த்தை திட்டிடேன்."

"எதுக்குங்க திட்டறது? புதுப் பொடவை கட்டிக்கினு வாசல்லயே உக்காந்திருந்தன். பொழுது போச்சி. அவ்வளவுதான். இன்னொரு உருண்டை வெக்கட்டா?"

கங்கப்பன் தட்டோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். கூடவே, புதுப் புடவையில் அவள் வாசலில் காத்திருந்தது கண்ணுக்குள் நின்றது. பயமும் பரிதாபமும் ஒரே ஆளிடம் ஒன்றாக வரும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் வளையலோடு அவளைச் சூளகிரிக்கு அழைத்துப் போனார். திரும்பும் வழியெல்லாம் வசனம் முணுமுணுத்தார்.

அடுத்த திருவிழாவுக்குச் சூசையைக் கெஞ்சிக் கூத்தாடி மேடையேற்றினார். கோடாலிராயன் இம்முறை கர்ஜிக்கவில்லை. நடுங்கி நின்ற மந்திரியிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டான். பிறகு சொன்னான்: "உங்கள் மகன் திருமணத்துக்கு என்னை அழைப்பீர்கள் என்று புதுப் பட்டு உடுத்தி வாசலிலேயே அமர்ந்திருந்தேன். பொழுது போயிற்று. அவ்வளவுதான்."

மெல்லக் கோடாலியை எடுத்தான். அழுத குழந்தைகூட வாயை மூடியது. கடைசியில் அவன் விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை, செருப்பும் வரவில்லை. பார்க்க வந்திருந்த சூளகிரிக்காரர்கள் அடுத்த வாரமே தங்கள் ஊரில் போடச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மங்கம்மா கேட்டாள்: "கோடாலிராயன் பேசனது நான் பேசனதுதானே?"

கங்கப்பன் இழுத்தார். "அது வந்து... மங்கம்மா..."

"ராமப்பனுக்குச் சொல்லத் தெரியல. 'அவ்வளவுதான்'னு சொல்றப்ப எதிர்ல நிக்கறவன் மூஞ்சியப் பாக்கக் கூடாது. நாளைக்கு வரச் சொல்லுங்க, நான் சொல்லிக் குடுக்கறன்."

ராமப்பன் வந்தான். பாடம் கேட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் முகம் வெளுத்திருந்தது.